கங்காணிக்கு நீர் அடைத்த ஐப்பசி

புளியங்கொல்லையில் கடலைக்காவலுக்கு ஒரு பெண்பிள்ளையை வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது கறம்பக்குடிச் சந்தையே சிரித்தது. இரண்டு வெள்ளாமை முடிந்த பிறகு, சிரித்த அதே வாய்கள், "ஒங்க ஊருப் பிச்சையம்மா மாதிரி எங்களுக்கும் ஒரு ஆளு பாத்துவிடுங்கப்பா" என்று கேட்டன. அந்தப் பேச்சு காதில் விழும்போது பிச்சையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலடியில் படுத்திருக்கும் செவலை நாயைப் பார்ப்பாள். நீயும் கேட்டுக்கொள் என்பதுபோல இருக்கும் அந்தப் பார்வை.

நாயின் பெயர் கங்காணி. வைத்தவன் அவள் புருஷன் அய்யாக்கண்ணு. வாலிபத்தில் இலங்கைக்குப் போய்த் தேயிலை மலையில் உடம்பைக் கரைத்துவிட்டு, ஒரு தகரப்பெட்டியும் விடாத இருமலுமாகத் திரும்பி வந்தவன் அவன். ஊரணிக்கரையில் கிடந்த குட்டியைத் தூக்கிவந்து கஞ்சி ஊற்றினான். "மலையில இருந்த வரைக்கும் கங்காணி என்னைய வெரட்டுனான். இங்கிட்டு நான் கங்காணிய வெரட்டுறேன்" என்று சொல்லிச் சிரிப்பான். சிரிப்பு இருமலில் போய் முடியும். நாயும் பெயருக்கு ஏற்றாற்போல வளர்ந்தது. வேலை செய்கிறவர்களைச் சுற்றிச் சுற்றி வந்து, தலையை நிமிர்த்தி வேவு பார்த்தது.

அய்யாக்கண்ணு கடலைக்கொல்லைக் காவல் பார்த்தான். அவன் செத்ததும் வேறு ஆம்பளையைத் தேடினார்கள். கொல்லைக்காரர்களுக்கெல்லாம் பெரியவர் வெள்ளைச்சாமி. பிச்சையம்மாள் நேரே அவர் வீட்டு வாசலுக்குப் போய் நின்றாள்.

"ஏன் ஆத்தா, கருமாதிக்கு நெல்லு ஏதும் வேணுமா?" என்றார் அவர்.

"நெல்லுக்கு வரலைங்கய்யா. காவலுக்கு வந்தேன்."

"நீயா? அய்யாக்கண்ணு பாத்த வேலைய நீ பாத்துருவியா?"

"அவரு பாத்தாருன்னு யாருங்க சொன்னது? அவரு குடிசையில ஒக்காந்து இருமிக்கிட்டு இருந்தாரு. பாத்தது நானும் கங்காணியும்."

வெள்ளைச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். பொய் சொல்லிப் புருஷன் மானத்தைக் காப்பாற்றுவாள் என்று எதிர்பார்த்திருப்பார். "சரி, ஒரு வெள்ளாமைக்குப் பாரு" என்றார். அந்த ஒரு வெள்ளாமை வருஷக்கணக்காக நீண்டது.

அந்தப் பக்கத்துக் காவல்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அதற்கு எல்லை கட்டுவது என்று பெயர். கடலை பிடித்து முற்றத் தொடங்கியதும், பொழுது சாய்கிற வேளையில் நாயைக் கூட்டிக்கொண்டு கொல்லையைச் சுற்றி நடப்பார்கள். வரப்போரத்து எல்லைக்கல் ஒவ்வொன்றிலும் நாய் காலைத் தூக்கி நீர் விடவேண்டும். அந்த வாடை இருக்கும் வரைக்கும் காட்டுப்பன்றி கல்லைத் தாண்டாது என்பது நம்பிக்கை. எல்லாக் கல்லையும் ஒரே நடையில் நனைத்துவிட்டு வருகிற நாய்க்குத்தான் மதிப்பு. அதற்காகக் காவல்காரர்கள் ஒரு தந்திரமும் வைத்திருந்தார்கள். மத்தியானக் கஞ்சியோடு உப்புக் கருவாடு போடுவார்கள். நாய் தாகம் எடுத்து நிறையத் தண்ணீர் குடிக்கும். கடைசிக் கல் வரைக்கும் சரக்கு இருக்கும். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. மண்ணெண்ணெய் கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது. அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு சுற்றிவர வழியில்லாததால், நாயை நம்பித்தான் கடலை நின்றது.

கங்காணி இந்த வேலையில் கெட்டிக்காரன். பக்கத்துக் கொல்லைகளுக்குக் காவல் நாகராசு. தப்பு மேளம் அடித்துப் பன்றி விரட்டுகிறவன். அவனும் ஒரு நாய் வைத்திருந்தான். அது பாதிக் கல்லோடு படுத்துவிடும்.

"மதினி, ஒன் நாயை ஒரு வாரத்துக்குக் கடனாக் கொடேன்" என்பான்.

"ஒன் நாயைக் கொண்டாந்து இங்கிட்டு விடு. பாத்துக் கத்துக்கிறட்டும். நீயும் கூட வந்து நில்லு."

அந்த ஐப்பசியில் கங்காணியின் பேர் இன்னும் ஓங்கியது. கல்லுக்கு ஒரு தடவை காலைத் தூக்கியவன், இரண்டு மூன்று தடவை தூக்க ஆரம்பித்தான். போன கல்லுக்கே திரும்பி வந்து மறுபடி நின்றான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த ஆவாரஞ்செடியையும் விடவில்லை. "கடலை கட்டிருச்சுன்னு அதுக்குத் தெரியுது" என்றார்கள் கொல்லைக்காரர்கள். வெள்ளைச்சாமி சந்தையில் போய்ப் பேசினார். மனுசன் கூட இந்தக் காலத்தில் சொன்ன வேலைக்கு மேல் செய்வதில்லை, எங்கள் கொல்லை நாய் செய்கிறது என்று அவர் சொன்னதாகப் பிச்சையம்மாள் காதுக்கு வந்தது. அன்றைக்கு அவள் கங்காணிக்குக் கருவாட்டை ஒரு துண்டு கூட்டிப் போட்டாள்.

ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாகத்தான் விழுகிறது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. இத்தனை தடவை தூக்கினால் கொஞ்சமாகத்தானே வரும் என்று நினைத்தாள். சுற்று முடிந்து வந்ததும் அவன் உட்கார்ந்து அடியை நக்கிக்கொண்டே இருந்தான். முள் ஏதும் கீறியிருக்கும் என்று நினைத்தாள். குடிசை வாசலில் ஒருநாளும் நீர் விடாதவன், ஒரு காலையில் அவள் பாய்க்குப் பக்கத்திலேயே சொட்டியிருந்தான். "வயசாகுதாடா ஒனக்கு?" என்று மண்ணை அள்ளிப் போட்டு மூடினாள்.

அரிமளத்திலிருந்து வெள்ளைச்சாமியின் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்ட கையோடு, "வாங்க, ஒரு சங்கதி காட்டுறேன்" என்று கொல்லைக்குக் கூட்டிவந்தார் வெள்ளைச்சாமி. சம்பந்தி வருகிறார் என்று எல்லைக்கல்லுக்கெல்லாம் முதல்நாளே சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருந்தார். நாகராசுவும் வேடிக்கை பார்க்க வந்து நின்றான்.

பிச்சையம்மாள் கங்காணியோடு நடந்தாள். முதல் கல்லில் அவன் காலைத் தூக்கினான். முதுகு வில்லாக வளைந்தது. வால் நடுங்கியது. வெகுநேரம் அப்படியே நின்றான்.

"பாத்தீங்களா, எவ்வளவு நிதானமா நிக்குது" என்றார் வெள்ளைச்சாமி.

"அடேயப்பா. எங்க ஊரு மணியக்காரர் கூட இப்பிடி நின்னு வேலை பாக்கமாட்டாரு" என்றார் சம்பந்தி.

எல்லோரும் சிரித்தார்கள். பிச்சையம்மாள் கல்லைப் பார்த்தாள். புதுச் சுண்ணாம்பு சாயங்கால வெயிலில் வெள்ளை வெளேரென்று இருந்தது. நனைந்த அடையாளமே இல்லை. அடுத்த கல்லுக்குப் போனான். அங்கேயும் அப்படித்தான். அதற்கடுத்த கல்லில், சுண்ணாம்பின்மேல், சிவப்பாக ஒரே ஒரு சொட்டு வடிந்தது.

அவள் குனிந்து அவன் வயிற்றைத் தொட்டாள். அடிவயிறு தப்புத் தோல்போல விறைத்திருந்தது. கங்காணி உறுமினான். அவளைப் பார்த்து அவன் உறுமியது அதுதான் முதல் தடவை. உறுமிவிட்டு, வெட்கப்பட்டவன்போல அவள் கையை நக்கினான்.

பின்னால் நின்றவர்கள் ஒருவரும் இதைக் கவனிக்கவில்லை. பேசாமல் அந்தச் சுற்றை முடித்திருந்தால் கைதட்டோடு முடிந்திருக்கும். சம்பந்தி ஊருக்குப் போய்ப் பெருமையாகப் பேசியிருப்பார். கடலை வெட்ட இன்னும் சில நாளே இருந்தது. நாய்க்குச் சுகமில்லை என்று வெளியே தெரிந்தால் காவல் நாகராசு கைக்குப் போய்விடும் என்பதும், போனால் திரும்பாது என்பதும் அவளுக்குத் தெரியும். புருஷன் இல்லாத அந்த வருஷங்களில் அவளை யார் வீட்டு வாசலிலும் நிற்கவிடாமல் வைத்திருந்தது அந்தக் காவல்தான்.

அவள் நிமிர்ந்து திரும்பினாள்.

"அய்யா, நிப்பாட்டிக்கிருவோம்ங்க. இது எல்லை கட்டலை. இதுக்கு மூத்திரம் வரலை."

சிரிப்பு நின்றது.

"என்ன சொல்ற நீ?" என்றார் வெள்ளைச்சாமி.

"இத்தன நாளும் முக்கியிருக்குங்க. நாமதான் வேலை பாக்குதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம். கல்லைப் பாருங்க, காஞ்சு கெடக்கு. ரத்தம் வருது."

சம்பந்தி வானத்தைப் பார்த்தார். வெள்ளைச்சாமியின் முகம் சிறுத்துப்போயிற்று. நாகராசுதான் முதலில் வாயைத் திறந்தான்.

"நெருஞ்சிய அவிச்சு ஊத்து மதினி. மடமடன்னு எறங்கிரும்."

"மடை அடைச்சுக் கெடக்குதப்பா. கம்மாயில இன்னமும் தண்ணிய விட்டா என்னாகும்? கரை ஒடையும்."

"அப்ப என்னதான் செய்யப் போற?"

"புதுக்கோட்டை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன்."

நாகராசு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நாயையா? மாட்டாஸ்பத்திரிக்கா? அங்க போயி வரிசையில நிக்கிற காளமாட்டுக்கிட்ட என்னன்னு சொல்லுவ?"

"ஒதுங்கி நில்லுன்னு சொல்லுவேன்."

வெள்ளைச்சாமி குரலைத் தாழ்த்தினார். "பிச்சையம்மா, வெட்டுக்கு முந்தின வாரம். நீ போயிட்டா கொல்லைய யாரு பாக்குறது?"

"தெரியலைங்கய்யா. காவல் போனாப் போகுது. இது செத்துப்போச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கல்லைச் சுத்துவேன்?"

அவர் சம்பந்தியை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் அவள் கங்காணியைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, கறம்பக்குடிக்கு நடந்தாள். பஸ் கரியில் ஓடுகிற பஸ். பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு புகைந்துகொண்டு நின்றது. கண்டக்டர் செல்லமுத்து படியை மறித்தான்.

"நாயை ஏத்த மாட்டேன் ஆத்தா. எறங்கு."

"மடியிலதான்ப்பா வச்சிருப்பேன்."

"மொதலாளிக்குத் தெரிஞ்சா என் சீட்டைக் கிழிச்சிருவாரு. பேரு என்ன அதுக்கு?"

"கங்காணி."

வண்டிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "யாரு, கங்காணியா? எத்தனை வருசம் அவன் நம்ம முதுகுல ஏறி ஒக்காந்திருந்தான். இன்னைக்கு நம்ம காலடியில ஒக்காரட்டும். ஏத்துப்பா." இலங்கைக்குப் போய் வந்தவர்கள் அந்த வண்டியில் இன்னும் இருந்தார்கள் போலிருக்கிறது. சிரிப்பு பின் இருக்கை வரைக்கும் போனது. செல்லமுத்துவும் சிரித்துவிட்டான். "கடிச்சா நீதான் பொறுப்பு" என்று படியை விட்டான்.

வழியில் மேடு வந்ததும் பஸ் மூச்சு வாங்கி நின்றது. ஆம்பளைகள் இறங்கித் தள்ளினார்கள். பிச்சையம்மாளும் இறங்கி, ஒரு கையால் நாயை அணைத்துக்கொண்டு மறு கையால் தள்ளினாள். கங்காணி அதற்குள் வாந்தி எடுத்திருந்தான். கண் சொருகி, தலை அவள் தோளில் தொங்கியது. அந்த மேட்டில் அவள் ஒரு தெய்வத்தின் பெயரையும் சொல்லவில்லை. "தள்ளுங்கப்பா, தள்ளுங்கப்பா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

புதுக்கோட்டை மாட்டாஸ்பத்திரியில் நாகராசு சொன்னதுபோலவே காளைகள் நின்றன. டாக்டர் ஆத்மநாதன் ஒரு எருமையின் குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாக்கோடு வந்து நின்றவளைப் பார்த்து, "என்னம்மா, ஆட்டுக்குட்டியா?" என்று கேட்டார்.

"நாய்ங்க. மூத்திரம் அடைச்சிருச்சு."

அவர் குளம்பை விட்டுவிட்டு எழுந்தார். கையைக் கழுவிக்கொண்டு, கங்காணியின் அடிவயிற்றை மெதுவாக அமுக்கினார். அவர் முகம் மாறியது.

"கடைசியா எப்ப நல்லாப் போச்சு?"

"நல்லாப் போயி எவ்வளவோ நாளாச்சுங்க. சொட்டுச் சொட்டாப் போச்சு. நேத்து ரத்தம். அதுக்கப்பறம் அதுவும் இல்ல."

"சொட்டுச் சொட்டாப் போனபோதே ஏன் வரலை?"

"காலைத் தூக்கித் தூக்கி நின்னுச்சுங்க. அதை வேலைன்னு நெனச்சுட்டோம்." அவள் எல்லை கட்டுவதையும், கருவாடு போடுவதையும் மறைக்காமல் சொன்னாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு பொழுது தாண்டியிருந்தா உள்ளே பை கிழிஞ்சிருக்கும்மா" என்றார். கம்பவுண்டரைக் கூப்பிட்டு மேசையைத் துடைக்கச் சொன்னார். "தலையை யாராவது பிடிக்கணும். கடிக்கும்."

"நான் பிடிக்கிறேன்ங்க."

"வெளியே போயிடு. உன்னால பார்க்க முடியாது."

"என் புருசனைப் பாத்தேங்க. இதையும் பாப்பேன்."

டாக்டர் அவளை இருக்கவிட்டார். எண்ணெய் தடவிய மெல்லிய ரப்பர்க் குழாயை உள்ளே செலுத்தினார். பாதியில் அது முட்டி நின்றது. மரத்துப்போகிற ஊசியைப் போட்டு, கீழே சின்னதாகக் கீறினார். இடுக்கியின் முனையில் ஒரு கல் வந்தது. சோளமணி அளவு, மஞ்சளாக, சொரசொரப்பாக இருந்தது. அடுத்த கணம் நீர் பீறிட்டு வந்து மேசையெல்லாம் ஓடியது. கம்பவுண்டரின் சட்டையும் நனைந்தது. கங்காணி நீண்ட மூச்சு ஒன்றை விட்டான். பிச்சையம்மாள் அப்போதும் அவன் தலையை விடவில்லை.

"நல்லாப் பிடிச்சே" என்றார் டாக்டர். அந்த இரண்டு வார்த்தையை அவள் பிற்காலத்தில் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் மறந்ததும் இல்லை.

புண் ஆறுகிற வரைக்கும் ஆஸ்பத்திரிக் கொட்டகையிலேயே நாயோடு கிடந்தாள். காளை கொண்டுவந்தவர்களின் மாட்டைப் பிடித்துக் கொடுத்தாள், சாணம் அள்ளினாள். டாக்டர் போகிறபோதும் வருகிறபோதும் அவளுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். கருவாடு இனிமேல் கூடாது. தண்ணீர் எந்நேரமும் கிட்டத்தில் இருக்கவேண்டும். அடிக்கடி காலைத் தூக்கிக் கொஞ்சமாக விட்டாலும், முக்கினாலும், ரத்தம் கலந்தாலும், வீட்டுக்குள்ளே பழக்கமில்லாத இடத்தில் விட்டாலும், வழக்கத்துக்கு மேலே தண்ணீர் குடித்துக் குளம்போல விட்டாலும் கொண்டுவந்து காட்டவேண்டும். அடியோடு நின்றுபோனால் மறுநாள் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. பிச்சையம்மாள் இவற்றைச் சாகிறவரைக்கும் மனப்பாடமாக வைத்திருந்தாள். சுற்று வட்டாரத்தில் யார் நாய்க்குச் சுணக்கம் என்று வந்தாலும், தின்கிறதா என்று கேட்கமாட்டாள். "மூத்திரம் எப்பிடிப் போகுது?" என்றுதான் கேட்பாள். இளவட்டப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். "சிரிக்காம போயிப் பாத்துட்டு வாங்கடி" என்பாள்.

அவள் ஊர் திரும்பியபோது கொல்லையில் கடலை இன்னும் நின்றது. மழை தூறியதால் வெட்டு தள்ளிப்போயிருந்தது. வரப்பில், கையில் ஒரு தகரத்தோடும் கம்போடும் வெள்ளைச்சாமியே உட்கார்ந்திருந்தார். பன்றி விரட்டிக் கத்தியதில் தொண்டை கட்டிப்போயிருந்தது. மேற்கு மூலையில் பன்றி புகுந்து உழுதுவைத்திருந்தது.

"நாகராசு பாக்கலைங்களா?" என்று கேட்டாள்.

"கேட்டான். நான்தான் குடுக்கலை." தகரத்தைக் கீழே வைத்தார். "சம்பந்தி முன்னால என் மூக்கை அறுத்துட்ட ஆத்தா. அன்னைக்கு எனக்கு வந்த கோவத்துக்கு ஒன்னைய ஊரை விட்டே அனுப்பியிருப்பேன்."

அவள் நாயின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"பொறகு இங்க வந்து ஒக்காந்து யோசிச்சுப் பாத்தேன். இந்தா, இந்த மூலைய பன்னி தின்னுருச்சு. வேற காவல்காரனா இருந்தா, கூட நாலு செடியப் பிடுங்கிக்கிட்டு அதுவும் பன்னிதான்னு சொல்லுவான். தன் நாய்க்குக் கேடுன்னு தானே கூட்டத்துல சொன்னவ, என் கடலையில ஒரு காயி கொறைஞ்சாலும் எங்கிட்ட வந்து சொல்லுவ. அதுக்கு மேல காவல்னா என்ன இருக்கு? நீ இருக்குற வரைக்கும் இது ஒன் கொல்லைதான். தகரத்தைப் பிடி. பன்னி கூட என்னையப் பாத்துச் சிரிக்குது."

பிச்சையம்மாள் தகரத்தை வாங்கிக்கொண்டாள். கண் கலங்கியதை மறைக்கக் குனிந்து நாயின் கயிற்றை அவிழ்த்தாள்.

பொழுது சாய்ந்ததும் சுற்று கிளம்பியது. வெள்ளைச்சாமி வீட்டுக்குப் போகாமல் நின்று பார்த்தார். கங்காணி முதல் கல்லில் காலைத் தூக்கினான். நீர் நீளமாக, தங்குதடையில்லாமல் விழுந்து சுண்ணாம்பை நனைத்து வரப்பில் இறங்கியது. காலை இறக்கினான். உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பிக்கொண்டு, அடுத்த கல்லை மோந்துமட்டும் பார்த்துவிட்டு நடையைக் கட்டினான்.

"என்ன, அவ்வளவுதானா?" என்றார் வெள்ளைச்சாமி.

"அவ்வளவு போதும்ங்க" என்றாள் பிச்சையம்மாள். தகரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மிச்ச எல்லையை அவள் தன் கண்ணால் பார்த்தபடி நடந்தாள்.